மூன்றாம் துண்டு

12.06, திங்கள்

இதை வரலாற்றுக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கத்தைத் திறப்பவர்களுக்குக் கண்டி இராச்சியம்தான் தெரியும். அம்மா தூங்கியபிறகு ரோச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டு எழுத வேண்டியிருக்கிறது. சொல்ல முடியாததை எங்காவது வைக்காவிட்டால் படிப்பது ஏறாது. இந்த வருடம் எனக்குச் சாதாரணதரப் பரீட்சை.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் மறித்தார்கள். சீருடை இல்லை. தலைமயிர் மட்டும் ஆமிக்காரர் மாதிரி ஒட்ட வெட்டியிருந்தது.

"தங்கச்சி தவராசாவின்ர மகள்தானே? அம்மா இன்னும் கொட்டகைக்குப் போறவவோ?"

"ஓம்."

"அப்பா கம்பனியில, அம்மா கொட்டகையில. வீட்டில அடிபிடி இல்லையோ?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

கொட்டகை என்றால் பெரிய றோட்டில் இருக்கிற தகரக் கொட்டகை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் படங்களோடு அங்கே இருக்கிறார்கள். என் அம்மா ஆறு வருடமாகப் பாரி அண்ணாவின் படத்தோடு போகிறா. படத்தில் அவனுக்குப் பத்து வயது. சண்டையின் கடைசி மாதங்களில் இந்தக் கடற்கரையில்தான் எல்லாரும் பங்கர் வெட்டி இருந்தார்களாம். அம்மாவுக்குக் காலில் செல்லடி பட்டது. காயக்காரரை ஏற்றிய கப்பலில் அம்மாவையும் பத்து மாதக் குழந்தையான என்னையும் மட்டும் ஏற்றினார்கள். அப்பாவும் அண்ணாவும் கரையில் நின்றார்கள். பிறகு முகாமுக்கு அப்பா தனியாக வந்தார். சனநெரிசலில் பாரி கையை விட்டுவிட்டான் என்றார்.

அதனால் அம்மாவுக்கு அவன் எங்கோ இருக்கிறான். இப்போது இருபத்துநாலு வயது. வேறு பாஷை பேசிக்கொண்டு இருப்பான் என்பா.

14.06, புதன்

கிணறு இன்னும் உப்பாகிவிட்டது. தேத்தண்ணீரும் கரிக்கிறது. தலை முழுகினால் மயிர் தும்பு மாதிரி நிற்கிறது. என் வகுப்பு டிலக்சி என்னைப் பார்த்து, "என்னடி, கரண்ட் அடிச்சதோ?" என்றாள். அவளுடைய தலையும் அப்படித்தான்.

கம்பனி மணல்மேடுகளை வழித்து எடுத்தபிறகுதான் கடல்தண்ணீர் உள்ளே வந்தது என்று விஞ்ஞான ரீச்சர் சொன்னா. கறுப்பு மண்ணைக் கழுவிப் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களாம். அதிலிருந்து வெள்ளைப் பெயின்ற் செய்வார்களாம். சொல்லிவிட்டு ரீச்சர் வகுப்பு வாசலைப் பார்த்தா. பிறகு பாடத்தை மாற்றினா.

17.06, சனி

சனிக்கிழமைகளில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. ஆமியின் சோதனைப் பொயின்றில் பெயர் எழுதி, பாத்திரத்தைத் திறந்து காட்டி, பிறகுதான் கம்பி வேலிக்குள் போகலாம். கரைவலை இழுத்த இடமெல்லாம் இப்போது வேலிக்கு உள்ளே. அப்பாவும் கரைவலைக்காரர்தான். கம்பனி வரக்கூடாது என்று சங்குமுனை ஊரே றோட்டில் இருந்தபோது, முதல் ஆளாக வேலை கேட்டுப் போனவரும் அவர்தான். வோச்சராகக் காவல் வேலை. இதற்காக அம்மா இன்னும் அவரோடு நேராகப் பேசுவதில்லை. என்னிடம் சொல்லி அவருக்குக் கேட்கச் செய்வா. "இயல், உன்ர கொப்பர் குளிச்சிட்டாரோ எண்டு கேள்." அப்பா பக்கத்திலேயே நிற்பார்.

கம்பனி நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, மூலைகளில் சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்திருக்கிறது. ஒரு துண்டு முடிந்தபிறகு அடுத்தது. இப்போது இரண்டாம் துண்டில் பெக்கோ இயந்திரம் கிண்டுகிறது.

நான் போனபோது அப்பா மூன்றாம் துண்டின் மூலையில் நின்றார். ஒரு முளையைப் பிடுங்கினார். கடல் பக்கம் பார்த்து அடி அடியாக நடந்தார். வாய் அசைந்தது, எண்ணுகிறார். பிறகு அங்கே ஊன்றிக் கல்லால் அடித்து இறுக்கினார். என்னைக் கண்டதும் கல்லைப் போட்டுவிட்டார்.

"காத்துக்குச் சாஞ்சுபோச்சு."

சோளகக் காற்று பலம்தான். ஆனால் நான்கு முளைகளில் மூன்று நேராக நின்றன. நான் பாத்திரத்தை நீட்டினேன்.

பெக்கோ ஓட்டுகிற சமிந்த அண்ணா அனுராதபுரப் பக்கம். பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். "இண்டைக்கு மீன் இல்லையா? தவா ஐயா, வீட்டில கோவமா?"

"மீன் பிடிக்கிற இடத்தை நீதானே கிண்டி வைச்சிருக்கிறாய்," என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள். அப்பா வீட்டில் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

20.06, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. டிப்பர்கள் போகப் போக ஜன்னல் நடுங்குகிறது. நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.

24.06, சனி



இரண்டாம் துண்டின் ஓரத்தில் பெக்கோ வாளியை உயர்த்தியபோது அதில் நிறமாக ஏதோ தொங்கியது. சமிந்த அண்ணா இயந்திரத்தை நிறுத்தி இறங்கினார். மண்மூட்டை. சீலையை வெட்டித் தைத்த மண்மூட்டை. பச்சை, ஊதா, பூப்போட்டது. பங்கருக்குச் சுற்றிவர அடுக்குவதற்கு உரப்பைகள் முடிந்துபோய், பெண்கள் தங்கள் சீலைகளைத் தைத்துக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பார்த்தது இன்றைக்குத்தான்.

அப்பா ஓடிவந்தார். மூட்டைகளைப் பார்க்கவில்லை. மூன்றாம் துண்டைப் பார்த்தார். பிறகு வாந்தி எடுத்தார். வெயில் என்றார்.

சுப்பவைசர் வந்து, "பழந்துணிக்கு என்ன கூட்டம்? அள்ளு," என்று கத்தினார். அள்ளினார்கள். ஒரு சிவப்புத் துண்டு மட்டும் என் காலடிக்குப் பறந்து வந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்துக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பொயின்றில் ஆமிக்காரன் திறக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

25.06, ஞாயிறு

நான் விசரி. சீலைத் துண்டில் உப்பும் மண்ணும் பிடித்திருந்தது. அப்படியே வைக்க மனம் வரவில்லை. மற்ற உடுப்போடு தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டு ரியூசனுக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அம்மா முற்றத்தில் இருந்தா. துண்டு மடியில். பக்கத்தில் யோகராணி அன்ரி. கொட்டகைக்குத் தலைவி மாதிரி அவதான். தன்னுடைய மனிசனையும் இரண்டு தம்பிமாரையும் தேடுகிறா.

"எங்கயடி எடுத்தனீ?" என்றா அம்மா.

சொன்னேன்.

"இது என்ர கலியாணக் கூறையடி. கரையில அன்னம் போட்டது. பார் யோகம், அன்னம்!"

"எல்லாற்ற கூறையிலயும் அன்னம்தான் இருந்தது."

"இல்லை. இதுக்கு வாலில பச்சை நூல். நான்தானே வெட்டித் தைச்சனான்."

"நானும் முதல் வெட்டினது கூறையைத்தான்," என்றா அன்ரி. "அந்த மனிசன் வாங்கித் தந்ததில உருப்படியா உதவினது அது ஒண்டுதான்." இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அன்ரி கண்ணைத் துடைத்தா.

அம்மா இவ்வளவு காலமும் எங்கள் பங்கர் இருந்த இடத்தை மறந்துபோயிருந்தா. பனைகள் இல்லை, மேடுகள் இல்லை, எதை வைத்து அடையாளம் காண்பது? இப்போது தெரிந்துவிட்டது. பங்கருக்குள் ஒரு றங்குப்பெட்டியை மண்ணில் தாட்டு வைத்தார்களாம். அதற்குள் அண்ணாவின் பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசி அட்டை. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதைத்தான் கேட்கிறார்களாம்.

"பெட்டி கிடைச்சா அவனைத் தேடிப் பிடிக்கலாம். அவன் ஆரெண்டு அவனுக்கே காட்டலாம்."

அப்பா வேலையால் வந்ததும் அம்மா நேராக அவருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னா. எனக்கூடாக இல்லை.

அப்பா கைகழுவப் போனவர் நெடுநேரம் வரவில்லை.

26.06, திங்கள்

சண்டை.

"கம்பனியிட்டக் கேளுங்கோ. ஒரு பெட்டிதானே."

"கேக்கேலாது."

"ஏன் கேக்கேலாது? அவங்களுக்கு நாய் மாதிரிக் காவல் கிடக்கிறீங்கள். ஒரு பெட்டி எடுக்க விடமாட்டாங்களோ?"

"பெட்டி உக்கிப்போயிருக்கும் மலர்."

"உங்களுக்குப் பிள்ளை வேண்டாம். அதுதான் விசயம்."

அப்பா சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழும்பினார்.

29.06, வியாழன்

நில அளவைக்காரர் வந்து கருவி வைத்துப் பார்த்தாராம். மூன்றாம் துண்டின் முளைகள் முப்பது அடி விலகி நின்றனவாம். "குடிச்சுப்போட்டு நட்டனியோ?" என்று சுப்பவைசர் எல்லாருக்கும் முன்னால் கேட்டாராம். அப்பா, "ஓம்," என்றாராம். சமிந்த அண்ணா ஆச்சரியப்பட்டு இதை எங்கள் வாசல்வரை வந்து சொன்னார். அப்பா குடிப்பதில்லை என்று அவருக்கும் தெரியும்.

முளைகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. திங்கள் பௌர்ணமிப் போயா, விடுமுறை. செவ்வாய் காலை மூன்றாம் துண்டு.

30.06, வெள்ளி

மோட்டார் சைக்கிளில் மறித்த அந்த இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா கொட்டகையில். அப்பாவிடம், "முளையை ஏன் பிடுங்கினனீ? அங்க என்ன தாட்டு வைச்சிருக்கிறாய்? ஆயுதமோ?" என்று கேட்டார்கள். அப்பா, "ஒண்டுமில்லை ஐயா," என்றார். "மகள் படிக்கிற பிள்ளை. யோசிச்சு நட," என்றார்கள். போகும்போது ஒருவர் என் மேசையில் இருந்த கொப்பிகளை விரலால் தட்டிக்கொண்டு போனார். இந்தக் கொப்பி மேலே இருந்தது.

அப்பா என் தலையில் கை வைத்தார். கை ஈரமாக இருந்தது.

03.07, திங்கள், போயா

எழுத வேண்டும். இன்றைக்கு எழுதாவிட்டால் எழுதமாட்டேன்.

காலையில் அப்பாவே சொன்னார்: இன்றைக்கு வேலிக்குள் யாரும் இல்லை, நான் பெட்டியைத் தேடிப் பார்க்கிறேன். அம்மா தானும் வருகிறேன் என்றா. மணலில் அந்தக் காலோடு நடக்க முடியாது என்று அப்பா மறித்தார். அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ போ. அந்தாளை நம்பேலாது. பெட்டி வாறதை உன்ர கண்ணால பார்," என்றா.

பின்னேரம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போனேன். அப்பா என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். நான் போகவில்லை.

அவர் இடத்தைத் தேடவே இல்லை. நேராகப் போய் மண்வெட்டியை வைத்தார். இடுப்பளவு இறங்கியபோது சீலை மூட்டைகளின் வரிசை வந்தது. அதற்குள்ளே கையால் தோண்டினார். நாய் தோண்டுகிற மாதிரி வேகமாக. பிறகு மெதுவாக. பிறகு இன்னும் மெதுவாக, விரல் நுனியால்.

சிவப்புச் சீலை. முழுதாகச் சுற்றியிருந்தது. அது பெட்டியின் வடிவம் இல்லை.

"அப்பா, பெட்டி எங்க?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டேன்.

"பெட்டி செல்லடியோட போயிட்டுது," என்றார். "இவன்தான் கிடக்கிறான்."

காற்று மணலை அள்ளி எங்கள் மேல் போட்டது. அவர் குழிக்குள் இருந்தபடியே பேசினார். அம்மாவின் கப்பல் போய் நாலாம் நாள். அண்ணா தண்ணீர் எடுக்க வெளியே வந்தானாம். பக்கத்துப் பங்கருகளிலும் விழுந்ததாம். அந்த வரிசையில் ஏழு பேரை அப்பாவும் இன்னொருவரும் இருட்டுக்கு முன்னர் தாட்டார்கள். மிச்சச் சனம் அடுத்த நாளே வெளிக்கிட்டது. அம்மாவை முகாமில் கண்டபோது அவவுக்குக் கால் அழுகிக் காய்ச்சல். "எங்க பாரி?" என்று கேட்டாவாம். "கையை விட்டிட்டான் எண்டு வாயில வந்திட்டுது. காலுக்குச் சுகம் வரட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன். சுகம் வந்த அண்டைக்கே அவள் தேட வெளிக்கிட்டிட்டாள். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

"அதுக்கோ இந்த வேலைக்கு வந்தனீங்கள்?"

அப்பா மடித்து வைத்திருந்த புது உரப்பையை எடுத்து விரித்தார்.

"பையின்ர வாயைப் பிடி, இயல். இவனை எடுத்துக்கொண்டு போய் எங்கட வீட்டு வளவுக்குள்ள வைப்பம். பெட்டி கிடைக்கேல்லை எண்டு கொம்மாட்டச் சொல்லுவம்."

"மற்ற ஆறு பேர்?"

"அவையளுக்கு நான் என்ன செய்ய?"

"நாளைக்கு டிப்பரில போயிடுவினம் அப்பா."

கொட்டகையில் அடிக்கடி சொல்வார்கள்: எங்காவது கண்டால் கை வைக்காதீர்கள், அசைத்தால் சாட்சி போய்விடும், நீதவான் வந்துதான் எடுக்க வேண்டும். அதைச் சொன்னேன்.

"எனக்குச் சட்டம் படிப்பிக்கிறியோ? வெளிய தெரிஞ்சா முதல் என்னைத்தான் கொண்டுபோவாங்கள். ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை எண்டு கொம்மா கேப்பாள். பிடியடி!"

நான் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்பா தனியாக முயன்றார். சீலையின் ஒரு பக்கம் கிழிந்தது. உடனே கையை எடுத்துவிட்டார். பிறகு உரப்பையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடிய மணலைத் திரும்ப மூடினோம். மூடுவதற்கு மட்டும் நான் உதவினேன்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றா. "பெட்டி?"

"இல்லை," என்றார் அப்பா. அம்மா என்னைப் பார்த்தா. நானும் இல்லை என்று தலையாட்டினேன்.

இப்போது அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறா. இவ்வளவு நாளும் மோட்டார் சைக்கிளுக்குத்தான் பயந்தேன். இப்போது அம்மா விழித்துவிடுவாவோ என்று பயமாக இருக்கிறது.

04.07, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கென்று வெளிக்கிட்டு, சந்தியில் சைக்கிளைக் கொட்டகைப் பக்கம் திருப்பினேன். அப்பா விடியமுன்னரே போய்விட்டார்.

அம்மாவிடம் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவவைக் கண்டதும் தாண்டிப் போய், யோகராணி அன்ரியிடம் சொன்னேன்: "மூண்டாம் துண்டில ஏழு பேர் கிடக்கினம். இண்டைக்குக் கிண்டப்போறாங்கள்."

அன்ரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனை எடுத்துச் சட்டத்தரணிக்கு அடித்தா. மற்றவர்கள் எழும்பினார்கள். அம்மா, "ஐயோ, ஆர் பெத்த பிள்ளையளோ," என்று சொல்லிக்கொண்டு எல்லாருக்கும் முன்னர் ஓட்டோவில் ஏறினா.

பொயின்றில் மறித்தார்கள். பதினெட்டு அம்மாமார் வேலிக் கம்பியை உயர்த்தி உள்ளே போனார்கள். ஆமிக்காரப் பையன் ஒருவன், "அம்மே, அம்மே," என்று கெஞ்சிக்கொண்டு பின்னால் வந்தான்.

பெக்கோ நின்றிருந்தது. சமிந்த அண்ணா ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கீழே நின்றார். சுப்பவைசர் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அப்பா திரும்பவும் தோண்டிய குழிக்குள் இருந்தார். வெளியே வரமாட்டாராம்.

"தவராசா அண்ணை, ஏழு பேரும் ஆரெண்டு தெரியுமோ?" என்று யோகராணி அன்ரி கேட்டா.

"மூண்டு பேரைத்தான் தெரியும்." அப்பா அன்ரியைப் பார்த்தே சொன்னார். "ஒண்டு கடை வைச்சிருந்த மாணிக்கராசா. மற்றது அவற்ற மகள் சுபா."

"மற்றது?"

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

அம்மா, "சொல்லுங்கோவன், ஆர்?" என்றா. பிறகு குழிக்குள் எட்டிப் பார்த்தா. எவ்வளவு நேரம் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் மணலை அள்ளி அப்பாவின் மேல் எறிந்தா. திரும்பத் திரும்ப எறிந்தா. அப்பா கண்ணைக்கூட மூடவில்லை. அன்ரிமார் அம்மாவைப் பின்னால் இருந்து கட்டிப்பிடித்தபோதுதான் அம்மா கத்தினா.

அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

05.07, புதன்

பொலிஸ் அப்பாவைக் கொண்டுபோனது. அம்மா குழியடியை விட்டு வரவில்லை. நான் குசினியில் ஒளித்திருந்து எழுதுகிறேன்.

07.07, வெள்ளி

அப்பாவை விட்டுவிட்டார்கள். உதடு வீங்கியிருக்கிறது. வேலை போய்விட்டது. சமிந்த அண்ணாவையும் நிற்பாட்டிவிட்டார்கள். அவர் ஊருக்குப் போகமுன்னர் றோட்டில் நின்று எனக்குக் கைகாட்டினார். நான் சுற்றிவரப் பார்த்துவிட்டுத்தான் கைகாட்டினேன்.

அம்மா அப்பாவோடு பேசவில்லை. எனக்கூடாகவும் இல்லை.

12.07, புதன்

நீதவான் வந்தார். மூன்றாம் துண்டைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். அவருடைய கட்டளை இல்லாமல் யாரும் ஒரு பிடி மண் எடுக்கக்கூடாது. நாலாம் துண்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அங்கே வேறு பெக்கோ வந்து கிண்டுகிறது. அந்தச் சத்தத்துக்குள்தான் எல்லாம் நடந்தது.

ஒரு கூடாரம் அடித்து, மேசை போட்டு, உறவினர்களின் விவரம் எழுதினார்கள். அம்மாவின் முறை வந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"உறவு?"

"தாய்."

"காணாமல் போன திகதி?"

"காணாமல் போகேல்லை எண்டு எழுதுங்கோ."

அலுவலர் பேனையை நிறுத்தினார். "அப்ப, இறந்த திகதி தெரியுமோ அம்மா?"

அம்மா திரும்பிப் பார்த்தா. அப்பா நாடாவுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றார்.

"இஞ்ச வாங்கோ," என்றா அம்மா. "திகதி கேக்கினம்."

அப்பா வந்தார். "மார்ச் இருபத்தொம்பது. ஞாயிற்றுக்கிழமை. காலமை பத்து மணி இருக்கும்."

அலுவலர் எழுதினார். அம்மா விரலை மடித்து எண்ணினா. ஒருதரம் எண்ணிவிட்டுத் திரும்பவும் எண்ணினா.

"அண்டைக்குத்தான் ஆசுப்பத்திரியில முதல்முதல் சோறு தந்தவை," என்றா. "பருப்பும் மீனும். நான் இரண்டாந்தரம் கேட்டு வாங்கித் திண்டனான்."

அலுவலர் தாளைச் சரிசெய்தார்.

"அண்டைக்கு விடிய அவன் கேட்டவன்," என்றார் அப்பா. "அம்மாவுக்கு அங்க சாப்பாடு குடுப்பினமோ எண்டு. ஓம், வயிறு நிறையக் குடுப்பினம் எண்டு சொன்னனான்."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. தான் இருந்த வாங்குப் பலகையில் கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டா. அப்பா இருக்கவில்லை. நின்றபடியே குனிந்து, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.